படத்தில் இல்லாத முழங்கால் சில்லு

எங்கள் எருமை கன்று போட்ட அன்று எனக்கு அந்தக் கன்றின் மேல் கோபம் வந்தது. கீழே விழுந்து, தாய் நக்கி முடிக்கும் முன்னரே முன்னங்காலை ஊன்றிப் பார்த்தது. சரிந்தது. மறுபடி ஊன்றியது. நான் உலையில் போட்ட அரிசி சோறாவதற்குள் அது நான்கு காலிலும் நின்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாயில் குந்தியிருந்த என் மகள் அதைப் பார்த்துக் கை தட்டினாள். அவளுக்கு ஒன்றரை வயது. எழும்பி நிற்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வந்ததில்லை. இருந்தபடியே ஒரு கையை நிலத்தில் ஊன்றி அரக்கி அரக்கி முற்றம் முழுதும் போய்வருவாள். அவள் சட்டையின் பின்பக்கத்தைத் தோய்த்தே என் கை தேய்ந்தது.

அது அறுபதுகளில், நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரத்தில் நாங்கள் இருந்த காலம். நான் யாழ்ப்பாணத்துப் பக்கம் பிறந்தவள். பனையையும் வேலியையும் தவிர அடர்த்தியாக எதையும் கண்டதில்லை. என் கணவர் வன்னியிலேயே பிறந்து வளர்ந்தவர். மாரிக்கு வயல், கோடைக்கு வேட்டை. கலியாணம் பேசும்போது "பெடியன் நல்ல அமைதி" என்று சொன்னார்கள். அமைதி என்றால் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை நான் ஒரு மூச்சில் பேசிவிடுவேன்.

பிள்ளை நடக்கவில்லை என்றால் ஊருக்கு நல்ல வேலை கிடைத்த மாதிரி. எண்ணெய் தேய் என்றார்கள், தேய்த்தேன். கோயிலுக்கு நேர்த்தி வை என்றார்கள், வைத்தேன். பக்கத்து வளவில் இருந்த அக்காவும் என்னைப்போல யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர். அவர் சொன்னதுதான் மணல் வைத்தியம். குளக்கரையில் காலை வெயில் பட்டுச் சூடேறிய மணலில் இடுப்பளவுக்குக் குழி தோண்டி, பிள்ளையை அதில் நிறுத்தி மணலை மூட வேண்டும்.

"மணல் காலைப் பிடிச்சு இறுக்கும், பிள்ளை. எலும்பு முத்தும். என்ர மூத்தவனை இப்பிடித்தான் நடக்க வைச்சனான்" என்றார் அக்கா.

குழி தோண்ட என் கணவர் மண்வெட்டியோடு வந்தார். வயலில் வரம்பு கட்டுகிற கவனத்தோடு தோண்டினார். மகளுக்குக் குழியில் நிற்பது நன்றாகப் பிடித்துவிட்டது. மணலை அள்ளித் தன் தலையில் கொட்டினாள், பிறகு என் தலையில் கொட்டினாள், பிறகு என் கையில் சாய்ந்து நின்றபடியே தூங்கிப்போனாள். வெளியே எடுத்தால் கால் மடிந்துவிடும், அரக்கத் தொடங்கிவிடுவாள். காலைதோறும் இது நடந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இளம்பிள்ளைவாதம் வந்து கால் சூம்பிய பிள்ளைகளை நாங்கள் எல்லோரும் கண்டிருந்தோம். என் பிள்ளையின் கால் சூம்பவில்லை, கொழுகொழுவென்றுதான் இருந்தது. ஆனாலும் பயத்துக்குக் கண் ஏது?

கடைசியில் வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் மடியில் இருந்தபடி மகள் முன்னால் இருந்தவரின் குடுமியைப் பிடித்து இழுத்தாள். டொக்டர் இளம் வயது, தமிழர், நித்திரை காணாத கண்கள். பிள்ளையின் காலைப் பிடித்து மடக்கினார், நீட்டினார், பாதத்தைச் சொறிந்தார். எக்ஸ்றே எடுக்க அனுப்பினார். வெளியில் சனம் வாசல் வரை நின்றது. படத்தை வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார்.

"பயப்படாதேங்கோ. நல்ல கால். சில பிள்ளையள் சுணங்கித்தான் நடக்கும். இந்தப் படத்தைக் கவனமா வைச்சிருங்கோ. அடுத்த கோடைக்கும் நடக்காட்டி இதையும் கொண்டு வாங்கோ."

எனக்கு அது போதுமாக இருந்தது. திரும்பும் பஸ்ஸில் கச்சான் கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டு வந்தேன். என் கணவர் யன்னல் பக்கம் இருந்தார். அவர் அந்தக் கறுப்புத் தாளை உறையிலிருந்து எடுத்து, ஓடுகிற காட்டின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு உறைக்குள் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். நான் நீட்டிய கச்சானை வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபின், அடுத்த நாள் காலையில்தான் வாய் திறந்தார்.

"சில்லு இல்லை" என்றார்.

"என்ன சில்லு?"

"முழங்கால் சில்லு. ரெண்டு காலிலையும் இல்லை."

படத்தை யன்னலில் பிடித்துக் காட்டினார். நானும் பார்த்தேன். தொடை எலும்பு வெள்ளையாக வந்து, முழங்காலுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது. பிறகு ஓர் இருட்டு இடைவெளி. அதில் புளியங்கொட்டை அளவுத் துண்டுகள் எதையும் தொடாமல் மிதந்தன. அதற்குக் கீழே கால் எலும்பு. முன்பக்கத்தில், சில்லு இருக்க வேண்டிய இடத்தில், வெறும் கறுப்பு.

"டொக்டருக்குத் தெரியாதோ? அவர் பார்த்துத்தானே சொன்னவர்" என்றேன்.

"டொக்டர் எத்தினை முழங்கால் வெட்டியிருப்பார்? நான் எத்தினை வெட்டியிருப்பன்? மானும் மரையும் பண்டியும். சில்லில்லாத முழங்கால் நான் கண்டதில்லை. பிறந்த குட்டிக்கும் இருக்கும். பிறக்காத குட்டிக்கும் இருக்கும்."

"நீங்கள் வெட்டினது மிருகம். இது பிள்ளை."

"எலும்பு எலும்புதான்" என்றார்.

அதோடு பேச்சு முடிந்தது. எனக்குத் தெரிந்த வசை எல்லாம் சொல்லிப் பார்த்தேன், அவர் அசையவில்லை. அன்று பின்னேரமே அவர் வேட்டைத் துவக்கைத் துணியில் சுற்றிக் கூரை வளையில் செருகிவைத்தார். மணலுக்குப் போவதும் நின்றது. அக்கா வந்து கேட்டபோது, "இல்லாத எலும்பு எப்பிடி முத்தும்?" என்று என் கணவர் அவரைத் திருப்பிக் கேட்டாராம். அக்கா வாயில் எது விழுந்தாலும் ஊருக்குப் பொது. இரண்டு நாளில் என் பிள்ளை சில்லில்லாத பிள்ளையாகிவிட்டாள். வருகிறவர்கள் எல்லாம் படத்தைக் கேட்டு வாங்கி யன்னலில் பிடித்துப் பார்த்தார்கள். எல்லோரும் வேட்டைக்காரர்கள், அல்லது வேட்டை இறைச்சி வெட்டியவர்கள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

பிறகு அவர் வண்டில் செய்யத் தொடங்கினார். தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு சின்ன வண்டில். காட்டில் விழுந்துகிடந்த மரத்தில் உருளை சீவிச் சக்கரம் போட்டார். பின்பக்கத்தில் பிள்ளை சாய்ந்திருக்க ஒரு சட்டம். எனக்கு எரிச்சலாக வந்தது. வண்டில் செய்வதென்றால், அவள் நடக்கமாட்டாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டார் என்றுதானே அர்த்தம்.

"பிள்ளைக்குச் சில்லில்லாட்டி உங்களுக்கு மூளையில்லை" என்றேன்.

அவர் உளியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மத்தியான வெயில். மகள் மரச் சீவல்களை வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். அவர் அப்போது சொன்னதுதான், எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய நீளமான பேச்சு.

நான் மகளைச் சுமந்திருந்த காலத்தில் அவர் ஒரு பெண்மானைச் சுட்டிருக்கிறார். புல் உயரத்தில் வயிறு தெரியவில்லை. உரிக்கும்போதுதான் தெரிந்தது. உள்ளே நாள் நிறைந்த குட்டி. மயிர் நனைந்து, புள்ளி எல்லாம் விழுந்து, குளம்பு மட்டும் மஞ்சளாய் மெத்தென்று இருந்ததாம். அவர் அதன் காலைப் பிடித்து மடக்கிப் பார்த்தார். சில்லு கையில் உருண்டது, பெரிய மானுக்கு உருளுகிற மாதிரியே. பாலை மரத்தடியில் அதைப் புதைத்துவிட்டுத் தாயின் இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். நான் பிள்ளைத்தாய்ச்சி, எனக்கு இறைச்சி நல்லது என்று.

"அதுக்குப் பதிலாத்தான் இவளின்ர சில்லை எடுத்துப்போட்டான்" என்றார்.

யார் எடுத்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இறைச்சியை நான் நன்றாக ஞாபகம் வைத்திருந்தேன். மிளகு போட்டுப் பிரட்டியது. இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டேன். கடவுளுக்கு வேறு வேலை இல்லையா, என் பிள்ளையின் முழங்காலா கிடைத்தது என்று கோபப்பட்டேன். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் நானும் அவரை நம்பத் தொடங்கியிருந்தேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் நான் கண்ட பிராணிகளின் கால்களை எல்லாம் பார்க்கத் தொடங்கினேன். ஊரில் ஒரு பெண் காலையே பார்த்துக்கொண்டு திரிந்தால் என்ன நினைப்பார்களோ, நினைக்கட்டும். எருமைக் கன்று இதற்குள் பட்டியில் ஓடிப் பழகிவிட்டது. எங்கள் நாய் சாய்ப்புக்குள் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் குட்டி போட்டது. அந்தக் குட்டிகளுக்குக் கண்ணே திறக்கவில்லை. வயிற்றால் இழுபட்டு முலையைத் தேடின. ஒன்றைத் தூக்கிக் காலைத் தடவினேன். எலும்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை, அவித்த கிழங்கு மாதிரி இருந்தது. காட்டோரத்து மரத்தில் ஒரு மந்தி குட்டியோடு வந்தது. அந்தக் குட்டி நடக்கவில்லை. ஆனால் தாயின் வயிற்று மயிரை அது பிடித்திருந்த பிடி, தாய் கொப்புக்குக் கொப்பு பாய்ந்தபோதும் விடவில்லை. அதற்குக் கை முதலில் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாய்க்குட்டியைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தேன்.

"இதுக்குச் சில்லிருக்கோ பாருங்கோ."

அவர் தடவிப் பார்த்தார். "தெரியேல்லை" என்றார்.

"தாய் நாய் ஓடுதெல்லே? அதுவும் இப்பிடித்தானே பிறந்திருக்கும்?"

"நாயைப் பற்றி எனக்கென்ன தெரியும்? நான் நாய் உரிச்சதில்லை."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது தலையில் நின்றுவிட்டது. மான், மரை, பன்றி. அவர் உரித்ததெல்லாம் பிறந்த அன்றே எழும்பி ஓட வேண்டிய சாதி. சிறுத்தை வந்தால் மான்குட்டியை யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? நாய்க்குட்டிக்குப் பொந்து இருக்கிறது. மந்திக் குட்டிக்கு வயிறு இருக்கிறது. என் பிள்ளைக்கு நான் இருக்கிறேன். என் இடுப்பு இருக்கிறது. அவர் தோள் இருக்கிறது. அவளுடைய எலும்பு ஏன் அவசரப்பட வேண்டும்?

அன்று பின்னேரம் மகளைக் குளிப்பாட்டும்போது அவள் முழங்காலைப் பிடித்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்த நாளிலிருந்து அந்த இடத்தைத் தொடப் பயந்திருந்தேன். கொழுப்புக்கு உள்ளே, விரலுக்கு அடியில், மெத்தென்று ஏதோ ஒன்று பக்கவாட்டில் அசைந்தது. சின்னது, ஆனால் இருந்தது. படத்தில் இல்லாதது கையில் இருந்தது. நான் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் கொழுப்பு என்பார்.

அடுத்த கோடை வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. அவர் வயலில் நின்ற ஒரு காலையில் பிள்ளையையும் படத்தையும் தூக்கிக்கொண்டு வவுனியா பஸ் ஏறினேன். அதுவரை நான் தனியாக அவ்வளவு தூரம் போனதில்லை. அதே டொக்டர்தான். வரிசை முடியும்வரை வாசலில் இருந்தேன். பிறகு உள்ளே போய்ப் படத்தை மேசையில் வைத்தேன்.

"டொக்டர், என்ர பிள்ளைக்கு முழங்கால் சில்லு இருக்கோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைக் கண்டு நிறுத்தினார். ஊரில் எல்லோரும் படத்தைப் பார்த்ததைச் சொன்னேன். மானைச் சொன்னேன். நாய்க்குட்டியைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து வேறொரு படத்தை எடுத்து வந்தார். விழுந்து காலெலும்பு வெடித்த ஒரு சின்னப் பிள்ளையின் படம், மரம் ஏறுகிற குழப்படிக்காரன் என்றார். யன்னலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார். அந்தக் குழப்படிக்காரனுக்கும் சில்லு இருக்கவில்லை. அதே கறுப்பு இடைவெளி, அதே புளியங்கொட்டை.

"இருக்குது அம்மா. குருத்தா இருக்குது. கோழியின்ர நெஞ்செலும்பு நுனியில வெள்ளையா மெத்தெண்டு இருக்குமெல்லே, அப்பிடி. குருத்து இந்தப் படத்தில விழாது, எலும்புதான் விழும். மனிசப் பிள்ளைக்கு அந்தச் சில்லு எலும்பாக மூண்டு நாலு வயசாகும். சிலதுக்கு இன்னும் சுணங்கும். அது எலும்பாக முன்னமே நடக்கலாம், ஓடலாம், மரத்திலயும் ஏறலாம்."

"அப்ப மானுக்கு?"

"மானுக்கும் மாட்டுக்கும் வயித்துக்குள்ளையே எல்லாம் முத்திடும். விழுந்த உடனே ஓட வேணும். நாய், பூனை, எலி எல்லாம் பிறந்த பிறகுதான் முத்தும். ஆருக்கு எது முதல்ல வேணுமோ அது முதல்ல எலும்பாகும். ஒஸ்ரேலியாவில கங்காரு எண்டொரு மிருகம், அதின்ர குட்டி பிறக்கேக்க அவரைக்கொட்டை அளவுதான். பின்னங்கால் முளைச்சு முடியாது. ஆனா தாயின்ர பைக்குள்ள ஏற வேணுமெண்டு கை மட்டும் வந்திருக்கும். ஆயிரம் தலைமுறை, பதினாயிரம் தலைமுறையா அப்பிடி அப்பிடி ஒவ்வொண்டும் தன்ர தன்ர நேரத்தைப் பிடிச்சு வைச்சிருக்குது. உங்கட மனுசன் சொன்னது பிழையில்லை. மானுக்குச் சரி."

இருந்தபடி அரக்குகிற பிள்ளைகள் சுணங்கித்தான் நடக்கும், எங்கள் வீட்டில் அப்படி வேறு யாரும் இருந்தார்களா என்று கேட்டார். இருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. என் கணவரே இரண்டு வயது கழித்துத்தான் நடந்தவராம். அதை முன்பே ஒருவரும் வாய் திறந்து சொல்லவில்லை. அமைதியான குடும்பம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வேலிப் படலையில் நின்றார். நான் சொல்லாமல் போனதற்குக் கோபித்திருப்பார் என்று நினைத்தேன். படத்தைக் கையில் கொடுத்து, டொக்டர் சொன்னதெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். அந்த மற்றப் பிள்ளையின் படத்தைச் சொன்னபோது அவர் மகளை என் இடுப்பிலிருந்து வாங்கினார். அவள் முழங்காலில் பெருவிரலை வைத்து அசைத்து அசைத்துப் பார்த்தார். கண்ணீர் ஓடியது. துடைக்கக்கூட இல்லை. அக்காவின் வளவுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போய், "சில்லு இருக்கு, குருத்தா இருக்கு" என்று தன் வாயாலேயே சொன்னார். நான் கேட்டிராத அளவுக்குச் சத்தமாகச் சொன்னார். அத்தோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நான் நினைத்தேன்.

மகள் நடந்தது அந்த மாரியில் விதைத்த நெல் கதிர் தள்ளுமுன் குடலையாகி நின்ற நாட்களில். அந்த வண்டில் அவளுக்கு உயிர். அதில் இருந்து இழுபட்டு இழுபட்டு ஒரு நாள் அலுத்துப்போய், கீழே இறங்கி, பின்பக்கச் சட்டத்தைப் பிடித்து எழும்பி நின்றாள். அது உருண்டது. அவள் விழவில்லை, கூடவே போனாள். நடக்கமாட்டாள் என்று செய்த வண்டிலைத் தள்ளித் தள்ளியே முற்றத்தைச் சுற்றி வந்தாள். நாங்கள் இருவரும் வாசலில் இருந்து பார்த்தோம். எனக்கு நெஞ்சு நிறைந்து, நாக்கும் நீண்டது.

"இனியென்ன, அந்தத் துவக்கை எடுத்துத் துடையுங்கோவன். மரக்கறி திண்டு திண்டு நானும் எருமை மாதிரி ஆகிப்போனன்" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு கேட்டார்.

"அண்டைக்கு டொக்டர் மானைப் பற்றி என்ன சொன்னவர் எண்டனீ?"

"மான் குட்டிக்கு வயித்துக்குள்ளையே எல்லாம் முத்திடுமாம். விழுந்த உடனே ஓட வேணுமெல்லே."

"அப்ப இது எனக்கு வந்த தண்டனையில்லை."

"இல்லையெண்டுதானே சொன்னனான். இவளுக்கு ஒரு குறையுமில்லை."

"ஓம்" என்றார். மகள் வண்டிலைத் திருப்பத் தெரியாமல் வேலியில் முட்டி நின்றாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவளுக்குக் குறையில்லை. அந்த மான் குட்டிக்கும் ஒரு குறையும் இருக்கேல்லை. எல்லாம் வந்து முடிஞ்சு, வெளியில வந்து ஓடுறது ஒண்டுதான் மிச்சமா இருந்தது."

நான் அடுத்துச் சொல்ல வைத்திருந்த பகிடியை விழுங்கிக்கொண்டேன். அது தண்டனை என்று அவர் நம்பியிருந்தவரை, அந்தக் குட்டியின் சாவுக்கு ஏதோ ஓர் ஈடு கொடுக்கப்பட்டதாக அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த ஈட்டை நான்தான் பஸ் ஏறிப் போய் வந்து அவரிடமிருந்து பறித்துவிட்டிருந்தேன். அவர் எழும்பிப் போய் வண்டிலைத் திருப்பிவிட்டார். மகள் மறுபடி தள்ளத் தொடங்கினாள். துவக்கை எடுக்கச் சொல்லி நான் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.